புதிர்ச் சுற்றை எடுத்துவிடலாமா? கோடிங் நேர்காணல் பற்றி ஒரு விவாதம்

நெடுவரி:

எங்கள் அணிக்கு ஆள் எடுக்கும் முறையை மாற்றி எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. பேக்எண்ட் அணி (பயனர் கண்ணில் படாத சர்வர் பக்க நிரல்), பணப் பரிமாற்ற சிஸ்டம். இப்போதைய முறை உங்கள் எல்லோருக்கும் பழக்கமானதுதான். 45 நிமிடச் சுற்றுகள் இரண்டு, ஒவ்வொன்றிலும் லீட்கோட் (நிரல் புதிர்களுக்கான பயிற்சித் தளம்) பாணிப் புதிர் ஒன்று. திரையைப் பகிர்ந்துகொண்டு, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுத வேண்டும். அதைத் தாண்டினால்தான் சிஸ்டம் டிசைன் (பெரிய மென்பொருளின் அமைப்பை வகுப்பது), அப்புறம் மேனேஜருடன் பேச்சு.

சமீபத்தில் ஒருவர் வந்தார். பல வருடம் பேமெண்ட் சிஸ்டங்களைப் பராமரித்தவர். ஒரே தொகை இரண்டு முறை எடுக்கப்படாமல் எப்படித் தடுப்பது, பாதியில் நெட்வொர்க் அறுந்தால் கணக்கு எந்த நிலையில் நிற்க வேண்டும் என்றெல்லாம் அவர் பேசியதை எங்கள் அணி குறிப்பெடுத்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பேச்சு நடந்தது சுற்று முடிந்த பிறகு. சுற்றில் கேட்கப்பட்டது, ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக மாற்றக் குறைந்தபட்சம் எத்தனை திருத்தம் வேண்டும் என்ற டைனமிக் புரோகிராமிங் (சிறு விடைகளைச் சேமித்துப் பெரிய விடையைக் கட்டும் முறை) கணக்கு. நேரத்துக்குள் அவரால் முடிக்க முடியவில்லை. நிராகரிக்கப்பட்டார்.

ஒரு சம்பவத்தை வைத்து முறையையே மாற்ற எனக்கு விருப்பமில்லை. புதிர் உண்மையில் எதை அளக்கிறது? அதை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் எதை வைப்பது? அனுபவமும் வேண்டும், ஆதாரமும் வேண்டும்.

கடைசிக்கமிட்:

எடுத்துவிடுங்கள், யோசிக்கவே வேண்டாம். மேக் கணினியில் மென்பொருள் நிறுவ உதவும் ஹோம்ப்ரூவை உருவாக்கிய மேக்ஸ் ஹோவல் 2015-இல் ட்விட்டரில் எழுதியது நினைவிருக்கும். கூகுளின் பொறியாளர்களில் 90 சதவீதம் பேர் அவர் எழுதிய மென்பொருளைப் பயன்படுத்துகிறார்களாம். ஆனால் பைனரி மரத்தை (அதிகபட்சம் இரண்டிரண்டாகக் கிளைக்கும் தரவமைப்பு) ஒயிட்போர்டில் திருப்பிப்போடத் தெரியவில்லை என்பதால் அவரை வேண்டாம் என்றுவிட்டார்களாம். ஒரு பொறியாளர் என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்து காட்டிய ஆளைப் புதிர் வெளியே தள்ளுகிறது என்றால், தவறு புதிரில்தான்.

இருமத்தேடல்:

தனி மனிதர் கதையை வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்று நெடுவரியே சொல்லிவிட்டார். கதைதான் வேண்டுமென்றால் எதிர்ப்பக்கத்திலும் ஒன்று இருக்கிறது.

ஜிடிஏ ஆன்லைன் விளையாட்டு திறப்பதற்குப் பல நிமிடம் பிடிக்கும், வருடக்கணக்கில் எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள். 2021-இல் அந்த நிறுவனத்தோடு சம்பந்தமில்லாத ஒருவர், உள்ளே என்னதான் நடக்கிறது என்று பிரித்துப் பார்த்தார். 10 எம்பி ஜேசன் (தரவை எழுத்தாக வைக்கும் வடிவம்) கோப்பு, அதில் சுமார் 63,000 பொருட்கள். ஒவ்வொன்றைப் படிக்கும்போதும் மிச்சமுள்ள மொத்தச் சரத்தின் நீளத்தையும் நிரல் மறுபடி எண்ணியது. படித்ததைச் சேர்ப்பதற்கு முன், அது ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டது. கூட்டினால் கிட்டத்தட்ட 200 கோடி ஒப்பீடுகள். ஒரு ஹாஷ்மேப் (தேடுவதை நேரடியாக எடுத்துத் தரும் அட்டவணை) இருந்திருந்தால் அந்த வேலையே இல்லை. இரண்டையும் அவர் சரிசெய்ததும் காத்திருக்கும் நேரம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. நிறுவனமும் அதை ஏற்றுக்கொண்டு அவருக்கு 10,000 டாலர் பரிசு கொடுத்தது.

அல்காரிதம் அன்றாட வேலையில் வராது என்பவர்களுக்கு என் பதில் இதுதான். லூப்புக்குள் லூப் (திரும்பத் திரும்ப ஓடும் நிரலுக்குள் இன்னொன்று) எழுதும்போது கை ஒரு கணம் தயங்க வேண்டும். அந்தத் தயக்கம் வருகிறதா என்று புதிர் சொல்லிவிடும்.

இன்னொன்று. ஃபிஸ்பஸ் (3, 5-ஆல் வகுபடும் எண்களுக்குப் பதில் ஒரு சொல்லை அச்சிடுவது) என்ற எளிய கேள்வி 2007-இல் பிரபலமானதே, வேலைக்கு விண்ணப்பிப்பவர்களில் பலரால் பத்து வரி நிரல்கூட எழுத முடியவில்லை என்ற ஏமாற்றத்தில்தான். ரெஸ்யூமேயில் பக்கம் பக்கமாகத் தொழில்நுட்பப் பெயர்களை அடுக்கிவிட்டு, ஒரு பட்டியலில் திரும்ப வரும் எண்ணைக் கண்டுபிடிக்கத் திணறியவர்களை நானும் நேரில் பார்த்திருக்கிறேன். புதிரை எடுத்துவிட்டால் அவர்களை எங்கே நிறுத்துவீர்கள்?

நிழல்நகல்:

இருமத்தேடல், உங்கள் ஜிடிஏ கதையையே எடுத்துக்கொள்வோம். அந்த மனிதர் செய்தது என்ன? புரொஃபைலரை ஓட்டி நேரம் எங்கே போகிறது என்று பார்த்தார். மூல நிரல் கையில் இல்லாமலேயே, கணினி மொழிக்கு மாற்றப்பட்ட நிரலைப் பிரித்து வாசித்தார். பிரச்சினை இங்கேதான் என்று சந்தேகம் வந்ததும் அதை அளந்து உறுதி செய்தார், விளையாட்டு உடையாதபடி திருத்தினார். கடைசியில் மற்றவர்களுக்குப் புரியும்படி எழுதியும் வைத்தார். ஹாஷ்மேப் என்பது அந்த வேலையின் கடைசி ஐந்து சதவீதம். மிச்சத்தை எந்தப் புதிர்ச் சுற்று கேட்கிறது?

அந்த நிரலை எழுதியவர்களுக்கு ஹாஷ்மேப் தெரியாது என்று நான் நம்பவில்லை. எழுதியபோது பட்டியல் சின்னதாக இருந்திருக்கலாம். பட்டியல் வளர்ந்த பிறகு யாரும் திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை. "இது வளர்ந்தால் என்ன ஆகும்" என்று கேட்கும் பழக்கமும், பழையதைத் திரும்பிப் பார்க்கும் பழக்கமும் 45 நிமிடப் புதிரில் தெரியாது. அங்கே உள்ளீட்டின் அளவைக் கேள்வியிலேயே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள்.

அளவுகோல்:

ஆள் தேர்வு பற்றிய உளவியல் ஆய்வுகளோடு எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு, அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

எந்தத் தேர்வு முறை பின்னாளின் வேலைத்திறனை எவ்வளவு முன்கூட்டிச் சொல்கிறது என்று ஷ்மிட்டும் ஹண்டரும் 1998-இல் 85 வருட ஆய்வுகளைத் தொகுத்தார்கள். ஒட்டுறவு எண் 0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு. வேலையின் ஒரு மாதிரியையே செய்யச் சொல்லிப் பார்ப்பதற்கு 0.54. பொது அறிவுத்திறன் தேர்வுக்கும், கேள்விகளையும் மதிப்பெண் முறையையும் முன்பே வகுத்துக்கொண்ட நேர்காணலுக்கும் 0.51. மனம்போன போக்கில் பேசும் நேர்காணலுக்கு 0.38. பல வருடம் எல்லோரும் மேற்கோள் காட்டியது இந்த எண்களைத்தான்.

2022-இல் சாக்கெட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் இதை மறுபரிசீலனை செய்தார்கள். பழைய கணக்கில் ஒரு திருத்தம் அளவுக்கு மீறிச் செய்யப்பட்டிருந்தது. வேலைக்கு எடுக்கப்பட்டவர்களின் திறனைத்தான் பின்னால் அளக்க முடியும், நிராகரிக்கப்பட்டவர்களை யாரும் அளப்பதில்லை. அதனால் தரவின் வீச்சு குறுகிவிடும். அதை ஈடுகட்டச் சேர்த்த எண் பல இடங்களில் தேவைக்கு அதிகம் என்று காட்டினார்கள். திருத்திய பிறகு வகுத்துக்கொண்ட நேர்காணல் 0.42-உடன் முதலிடத்தில் நிற்கிறது. வேலை சார்ந்த அறிவுத் தேர்வு 0.40, வேலை மாதிரி 0.33, பொது அறிவுத்திறன் 0.31. வகுக்காத நேர்காணல் 0.19-க்கு இறங்கிவிட்டது.

இதிலிருந்து இரண்டு விஷயம் எடுத்துக்கொள்ளலாம். எந்த முறையும் பிரமாதம் இல்லை. 0.42 என்றால்கூட, மனிதருக்கு மனிதர் வேலைத்திறனில் காணும் வேறுபாட்டில் சுமார் 18 சதவீதத்தைத்தான் அது விளக்குகிறது. ஆகவே "எங்கள் முறையைத் தாண்டினவர் கெட்டிக்காரர், தாண்டாதவர் இல்லை" என்று யார் அடித்துச் சொன்னாலும் நம்ப வேண்டாம். அடுத்தது, எதைக் கேட்கிறோம் என்பதோடு எப்படிக் கேட்டு எப்படி மதிப்பெண் போடுகிறோம் என்பதும் சம அளவில் முக்கியம். ஒரே புதிரை இரண்டு பேர் இரண்டு விதமாகக் கேட்டு, ஒருவர் குறிப்பு கொடுத்து, இன்னொருவர் கொடுக்காமல், கடைசியில் "எனக்கு நல்ல அபிப்பிராயம் வரவில்லை" என்று எழுதினால், அது வகுத்துக்கொண்ட நேர்காணல் ஆகாது. பெயருக்கு கோடிங் சுற்று, உண்மையில் மனம்போன போக்கு.

அப்புறம், புதிரை 'வேலை மாதிரி' என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெயர் அதற்குப் பொருந்தாது. வேலை மாதிரி என்றால் அந்த வேலையிலிருந்து வெட்டியெடுத்த ஒரு துண்டு. நெடுவரியின் அணி சொல் திருத்தக் கணக்கு போடும் அணி இல்லையே.

கடைசிக்கமிட்:

செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் பீட்டர் நார்விக் கூகுளில் இருந்தபோது இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். நிரலாக்கப் போட்டிகளில் ஜெயித்தவர்கள் வேலையில் சற்றுக் குறைவாகவே செய்தார்கள், எதிர்மறைத் தொடர்பு இருந்தது என்றார். இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

அளவுகோல்:

கடைசிக்கமிட், அதை விட்டுவிடுங்கள். நார்விக்கே பின்னால் அதைத் திருத்தினார். முதலில் இருந்த சிறிய தரவில் அந்தத் தொடர்பு தெரிந்தது, மேலும் தரவு சேர்ந்ததும் மறைந்துவிட்டது என்று எழுதினார். அபூர்வமான விஷயங்களை நிறைய சேர்த்துப் பார்த்தால் சிலவற்றில் பொய்யான தொடர்பு தெரியத்தான் செய்யும், அதற்கு ஒரு கதையும் கட்டிவிடலாம் என்பதே பாடம் என்றார். அவர் அப்படித் திறந்து சொன்னதற்காக எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது.

இதே போல இன்னொன்றும் தவறாகச் சுற்றுகிறது. கூகுளின் மனிதவளத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் 2013-இல் "வீண் வேலை" என்று சொன்னது, விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்து அடங்கும் போன்ற மூளைப் புதிர்களை. கோடிங் கேள்விகளை அல்ல.

அகல்:

எது அளக்கப்படுகிறது என்பதை நேரடியாகத் தொடும் ஒரு ஆய்வு இருக்கிறது. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து செய்தது, 2020-இல் வெளியானது. கணினி அறிவியல் மாணவர்கள் 48 பேர். எல்லோருக்கும் கொடுக்கப்பட்டது ஒரே மாதிரியான நிரல் கேள்வி. ஒரு பாதியினர் வழக்கமான நேர்காணல் போல, ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, ஒயிட்போர்டில் பேசிக்கொண்டே எழுத வேண்டும். மற்ற பாதியினர் தனி அறையில், யாரும் பார்க்காமல், அதே ஒயிட்போர்டில் எழுதலாம்.

பார்த்துக்கொண்டிருந்த அறையில் செயல்திறன் பாதிக்கும் கீழே போய்விட்டது. கேள்வி மாறவில்லை, மாறியது ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பதும் பேசிக்கொண்டே எழுதுவதும் மட்டும். இன்னும் கூர்மையான ஒன்று: பார்க்கப்பட்ட அறையில் பெண்களில் ஒருவர்கூடச் சரியாக முடிக்கவில்லை. தனி அறையில் இருந்த பெண்கள் எல்லோரும் முடித்தார்கள்.

48 பேர் சின்ன எண்ணிக்கை. அதைப் பெண்கள் ஆண்கள் என்று பிரித்தால் இன்னும் சின்னது. இந்த ஒரு ஆய்வை வைத்து உலகத்தையே தீர்மானிக்க நான் சொல்லவில்லை. ஆனால் நேர்காணல் அறையில் தடுமாறிவிட்டு, வெளியே வந்து படிக்கட்டில் இறங்கும்போது விடை பளிச்சென்று தோன்றிய ஒவ்வொருவருக்கும் இதில் ஆச்சரியமில்லை. நாம் அளப்பதாக நினைப்பது நிரல் திறன். அளவீட்டுக்குள் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்வது, ஒரு அந்நியர் எடைபோடும்போது பேசிக்கொண்டே யோசிக்கும் திறன். பல அருமையான பொறியாளர்கள் அமைதியாக யோசிப்பவர்கள். பேசச் சொன்னால் அவர்களின் யோசனை நின்றுவிடுகிறது.

இருமத்தேடல்:

வேலையிலும் அழுத்தம் உண்டே அகல். நள்ளிரவில் சிஸ்டம் விழுந்தால், மேலே இருப்பவர்கள் எல்லோரும் அழைப்பில் காத்திருக்கத்தான் சரிசெய்ய வேண்டும்.

அகல்:

நான் ஆன்-கால் (சிஸ்டம் விழுந்தால் எந்த நேரமும் அழைக்கப்படும் பொறுப்பு) பார்ப்பவள், அந்த அழுத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். அது வேறு வகை. அங்கே லாக் (சிஸ்டத்தின் பதிவேடு) இருக்கிறது, டாஷ்போர்டு இருக்கிறது, தெரியாததைத் தேடலாம், தெரிந்தவரை எழுப்பிக் கேட்கலாம். "முதலில் பழைய பதிப்புக்குத் திரும்புவோம், காரணத்தைக் காலையில் பார்ப்போம்" என்று சொல்லவும் வழி இருக்கிறது. அப்படிச் சொல்லத் தெரிந்தவர்தான் நல்ல ஆன்-கால் பொறியாளர். 2017 ஜனவரி 31-இல், நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்லாபில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த அணி வேலை நடப்பதை நேரலையில் காட்டியது, எந்தெந்த பேக்கப் முறை வேலை செய்யவில்லை என்று வெளிப்படையாக எழுதியது. சுமார் ஆறு மணி நேரத் தரவு போனது, ஆனால் மிச்சத்தை மீட்டார்கள். அந்த இரவில் தேவைப்பட்ட நிதானத்தையும் நேர்மையையும் மரத்தைத் திருப்பிப்போடும் கேள்வியில் தேடினால் கிடைக்காது.

தறி:

அகல் சொன்னதோடு நான் சேர்க்க விரும்புவது நேரம்.

குழந்தை பிறந்த பிறகு சில வருடம் வேலையை விட்டிருந்தேன். திரும்ப வரும்போது என் அனுபவம் அப்படியே இருந்தது. டேட்டாபேஸ் எப்படிப் பூட்டுப் போடுகிறது என்பதை நான் மறக்கவில்லை, பிறர் எழுதிய நிரலை வாசிக்கவும் மறக்கவில்லை. ஆனால் புதிர் என்பது ஓயாத பயிற்சி கேட்பது. ஸ்லைடிங் விண்டோ, டூ பாயிண்டர், பேக்டிராக்கிங் என்று ஒவ்வொரு வகையும் விரல் நுனியில் இருக்க வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் மாலை நேரம் வேண்டும். வேலைக்குப் போய்க்கொண்டே வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்பவருக்கு, இரண்டாவது வேலையும் செய்பவருக்கு, கைக்குழந்தையுள்ளவருக்கு அந்த மாலை எங்கே இருக்கிறது? "எல்லோருக்கும் ஒரே கேள்விதானே, அப்புறம் என்ன அநீதி" என்கிறார்கள். கேள்வி ஒன்றுதான். தயாராவதற்குக் கிடைக்கும் நேரம் ஒன்றாக இல்லையே.

முதல்படி:

தறி அக்கா, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் நான் மறுபக்கத்திலிருந்து வந்தவன், அதையும் கேளுங்கள்.

நான் படித்த கல்லூரியின் பெயர் எந்த நிறுவனத்தின் பட்டியலிலும் இல்லை. சிபாரிசு செய்ய யாரும் இல்லை. வீட்டில் கணினித் துறைக்குப் போன முதல் ஆள் நான். ரெஸ்யூமே அனுப்பினால் பதிலே வராது. ஒரு நிறுவனம் மட்டும் எல்லோருக்கும் திறந்த ஆன்லைன் கோடிங் தேர்வு வைத்தது. பெயர், கல்லூரி, எதையும் கேட்கவில்லை. விடை சரியா, தவறா, அவ்வளவுதான். அதில் தேறித்தான் இந்தத் துறைக்குள் வந்தேன்.

புதிரை எடுத்துவிட்டு "முந்தைய அனுபவத்தைப் பற்றிப் பேசுவோம்" என்றால், சொல்ல அனுபவம் இல்லாத எனக்கு அங்கே என்ன இடம்? "திறந்த மூல நிரலில் என்ன செய்திருக்கிறீர்கள்" என்றால், ஓய்வு நேரமும் சொந்தக் கணினியும் இருந்தவர்களுக்குத்தான் அதில் பதில் இருக்கும். "எங்கள் அணியோடு ஒத்துப்போவாரா" என்ற பேச்சு இன்னும் மோசம், தங்களைப் போலப் பேசுபவரைத்தான் எடுப்பார்கள். என்னைப் போன்றவர்களுக்குப் புதிர்தான் பெயர் கேட்காத கதவு. அதை மூடச் சொல்பவர்கள், எங்களுக்கு வேறு எந்தக் கதவைத் திறப்பீர்கள் என்று முதலில் சொல்ல வேண்டும்.

தறி:

தம்பி, நீ சொல்வதை நான் மறுக்கவே மாட்டேன். கவனித்துப் பார், உன்னை உள்ளே விட்டது பெயர் மறைத்த தேர்வு. தனியாக உட்கார்ந்து எழுதினாய், யாரும் பார்க்கவில்லை, கல்லூரி கேட்கவில்லை. கேள்வி அல்காரிதம் புதிராக இருந்ததுதான் உன்னைக் காப்பாற்றியதா, பெயர் மறைத்திருந்ததா? ஒரு சின்ன நிரலில் தவறைக் கண்டுபிடித்துத் திருத்தும் தேர்வையும் பெயர் மறைத்து வைக்கலாம். நீ அதிலும் தேறியிருப்பாய் என்று நான் நம்புகிறேன்.

முதல்படி:

அப்படி ஒரு தேர்வு வைத்தால் எனக்குச் சம்மதம் அக்கா. இதுவரை அப்படி வைத்து நான் பார்த்ததில்லை.

பழையமானிட்டர்:

இழையை இப்போதுதான் முழுக்கப் படித்தேன். 'யோசிக்கும் திறனைப் பார்க்கிறோம்' என்று நேர்காணல் எடுப்பவர்கள் சொல்வது பற்றி எனக்கு நீண்ட நாளாக ஒரு ஆதங்கம் உண்டு.

ஒரு பட்டியலில், தொடர்ச்சியாக வரும் எண்களில் எந்தப் பகுதியின் கூட்டுத்தொகை மிக அதிகம்? இன்று இது ஆரம்ப நிலைக் கேள்வி. இருபது நிமிடம் கொடுப்பார்கள். இதன் வரலாறு கணினி அறிவியலாளர் ஜான் பென்ட்லி 1984-இல் எழுதியதால் நமக்குக் கிடைத்தது. 1977-இல் உல்ஃப் கிரெனாண்டர், படங்களில் வடிவங்களைக் கண்டறியும் ஆராய்ச்சியில் இந்தக் கேள்வியைச் சந்தித்தார். அவருக்குக் கிடைத்தது உள்ளீட்டின் வர்க்கத்துக்கு ஏற்ப நேரம் எடுக்கும் வழி. மைக்கேல் ஷேமோஸ் கேள்விப்பட்டு, ஒரே இரவில் அதைவிட வேகமான, பாதி பாதியாகப் பிரித்துத் தீர்க்கும் வழியைக் கண்டுபிடித்தார். அதற்கு மேல் முடியாது என்றுதான் நினைத்தார்கள். பிறகு கார்னெகி மெலன் பல்கலைக்கழகக் கருத்தரங்கில் ஷேமோஸ் இதை விவரித்தபோது, கேட்டுக்கொண்டிருந்த ஜே கடேன் ஒரு நிமிடத்துக்குள் ஒரே ஓட்டத்தில் முடியும் வழியைச் சொன்னார். கடேன் புள்ளியியலாளர்.

இந்த மூவரையும் நேர்காணலுக்கு அழைத்திருந்தால் முறை என்ன சொல்லியிருக்கும்? கடேன் தேர்வு, ஷேமோஸ் யோசிக்கலாம், கிரெனாண்டர் நிராகரிப்பு. கிரெனாண்டர்தான் கேள்வியையே கண்டுபிடித்தவர். இரு பரிமாணத்தில் கைக்கு அடங்காத பிரச்சினையை ஒரு பரிமாணத்துக்குச் சுருக்கி, தீர்க்கக்கூடிய அளவுக்குக் கொண்டுவந்தவர். குழப்பமான பெரிய விஷயத்திலிருந்து கேட்க வேண்டிய சரியான சின்னக் கேள்வியைப் பிரித்தெடுப்பது எங்கள் தொழிலில் மிகவும் அரிதான திறன். புதிர்ச் சுற்றில் அந்த வேலையை நேர்காணல் எடுப்பவரே செய்து முடித்துவிட்டுத்தான் வருகிறார்.

நெடுவரி சொன்ன சொல் திருத்தக் கணக்கும் இப்படித்தான். லெவன்ஷ்டைன் அந்தத் தூரத்தை வரையறுத்தது 1965-இல். இன்று நாம் எழுதும் அட்டவணை முறையை வாக்னரும் ஃபிஷரும் வெளியிட்டது 1974-இல். ஏற்கெனவே பார்த்திராத ஒருவர் அதை 45 நிமிடத்தில் புதிதாகக் கண்டுபிடித்தால் அது அபூர்வம். அன்று தேறுபவர்கள் எல்லோரும் பார்த்தவர்கள். பார்த்ததை இப்போதுதான் தோன்றியதுபோலப் படிப்படியாகச் சொல்லிக்காட்டப் பழகியவர்கள். நடிக்கத் தெரிந்தவருக்கு மதிப்பெண், "இது எனக்கு முன்பே தெரியும்" என்று உண்மையைச் சொன்னவருக்கு வேறு கேள்வி. நம்பிக்கையின் மேல் ஓட வேண்டிய ஒரு தொழிலின் வாசலில் இப்படியொரு பழக்கம் இருப்பது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாக வெட்டித் தேடும் இருமத் தேடலையே எடுத்துக்கொள்ளுங்கள் (அந்தப் பெயருள்ள நண்பர் கோபித்துக்கொள்ள மாட்டார்). 2006-இல் ஜோஷுவா பிளாக் எழுதினார்: ஜாவா மொழியின் நூலகத்துக்கு அவரே எழுதிய இருமத் தேடலில் சுமார் ஒன்பது வருடம் ஒரு பிழை இருந்தது. கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் கூட்டி இரண்டால் வகுக்கும் வரி. பட்டியலில் நூறு கோடிக்கு மேல் உறுப்புகள் வந்தால் கூட்டுத்தொகை அந்த எண் வகையின் உச்ச அளவைத் தாண்டி வழிந்து எதிர்மறை எண் ஆகிவிடும். பென்ட்லி சரியென்று நிரூபித்து வெளியிட்ட வடிவத்திலும் அதே பிழை. இந்தத் துறையின் மிகச் சிறந்தவர்கள் அவகாசம் எடுத்து எழுதியதே இப்படி. ஒருவர் பதற்றத்தில் ஒயிட்போர்டில் எல்லையை ஒன்று தவறாகப் போட்டதற்கு நாம் "அடிப்படை போதாது" என்று எழுதுகிறோம்.

இருமத்தேடல்:

கோபமெல்லாம் இல்லை ஐயா. கடேன் கதை எனக்குப் புதிது, நன்றி.

ஆனால் இன்னும் என் நிலையை முழுதாக விட்டுக்கொடுக்க முடியவில்லை. மிகக் கடினமான டைனமிக் புரோகிராமிங் கேள்வி தேவையில்லை, ஒப்புக்கொள்கிறேன். எளிய கேள்வி வேண்டும். ஒரு கோப்பைப் படித்து, எண்ணி, வரிசைப்படுத்தித் தரச் சொன்னால் ஒருவருக்கு மொழி கைவசம் இருக்கிறதா என்று பதினைந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அதுகூட இல்லாமல் வெறும் பேச்சை நம்பி எடுத்தால், அந்தச் சுமை அணியில் மற்றவர்கள் தலையில்தான் விழும்.

நிழல்நகல்:

இதில் நமக்குள் சண்டையே இல்லை. எளிய கேள்வியைத் தகுதிக் கோடாக வைக்கலாம். தாண்டினாரா இல்லையா, அவ்வளவுதான். கேள்வியைக் கடினமாக்கிக்கொண்டே போய், தாண்டினவர்களை அதை வைத்து வரிசைப்படுத்துவதுதான் பிரச்சினை. ஒரு எல்லைக்கு மேல் அந்தக் கடினம் அளப்பது பயிற்சி நேரத்தை மட்டுமே.

நெடுவரி:

சரி, அந்த இடத்தில் எதை வைப்பது? வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் வேலை பற்றி மேனேஜர் கேட்கிறார்.

தறி:

வேண்டாம். "நாலு மணி நேரம்தான்" என்று கொடுப்பார்கள், போட்டியில் நிற்க வேண்டுமென்றால் வார இறுதி முழுவதும் போகும். புதிரைவிட அது என் போன்றவர்களுக்கு அதிகக் கேடு. கொடுத்தே ஆக வேண்டுமென்றால் அந்த நேரத்துக்குப் பணம் கொடுங்கள்.

கடைசிக்கமிட்:

யார் எழுதியது என்றும் இப்போது தெரியாது. ஏஐ-யிடம் கொடுத்தால் சில நிமிடத்தில் முடித்துவிடும். ஆன்லைன் புதிர்ச் சுற்றுக்கும் அதே கதிதான். டிசைன் மென்பொருள் நிறுவனமான கான்வா 2025-இல், நேர்காணலில் ஏஐ கருவிகளைப் பயன்படுத்த வேண்டும் என்றே அறிவித்துவிட்டது. அது எழுதித் தருவதில் எது தவறு என்று பார்க்கத் தெரிகிறதா என்பதுதான் இனி கேள்வி.

நிழல்நகல்:

எங்கள் அணியில் நாங்கள் செய்வதைச் சொல்கிறேன், நெடுவரிக்கு உதவலாம்.

சில நூறு வரிகளில் ஒரு சிறிய சேவை எழுதி வைத்திருக்கிறோம். படிக்கும்படி இருக்கும், ஆனால் நிஜ நிரல் போலச் சில அசிங்கங்களும் இருக்கும். முந்தின நாளே வருபவருக்கு அனுப்பிவிடுவோம், புதிதாக எதுவும் எழுத வேண்டாம், விரும்பினால் ஒருமுறை வாசித்தால் போதும் என்று சொல்லி. சுற்றில் ஒரு புகாரைக் கொடுப்போம்: "சில வாடிக்கையாளர்களுக்கு இரண்டு முறை பணம் பிடிக்கப்படுகிறது." காரணம், பதில் வரத் தாமதமானால் நிரல் மறுபடி முயல்கிறது, ஆனால் முயற்சிக்கு அடையாள எண் எதுவும் இல்லை. முதல் கோரிக்கை உண்மையில் நிறைவேறியிருந்தாலும் இரண்டாவதும் நிறைவேறிவிடும்.

அவர் எங்கே தேடத் தொடங்குகிறார், பிரச்சினையை ஒரு டெஸ்ட்டில் பிடித்துக் காட்டுகிறாரா, திருத்துவதற்கு முன் எங்களிடம் என்ன கேட்கிறார் என்று பார்ப்போம். தேடலாம், கேட்கலாம், ஏஐ பயன்படுத்தலாம். முதல் பதினைந்து நிமிடம் நாங்கள் அழைப்பிலிருந்து விலகிவிடுவோம், அவர் தனியாக வாசிக்கட்டும் என்று. அகல் சொன்ன ஆய்வைப் படித்த பிறகு சேர்த்தது அது. பேச்சே வராமல் உட்கார்ந்திருந்தவர்கள், நாங்கள் திரும்பி வரும்போது விடையோடு இருந்திருக்கிறார்கள்.

கடைசிப் பத்து நிமிடம் "இந்தத் திருத்தத்தை எப்படி வெளியிடுவீர்கள்" என்று கேட்போம். இதை நான் ஒருபோதும் விடமாட்டேன். 2012 ஆகஸ்ட் 1-இல் நைட் கேபிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் 45 நிமிடத்தில் சுமார் 44 கோடி டாலர் இழந்தது. எட்டு சர்வர்களில் ஏழில்தான் புதிய நிரல் போய்ச் சேர்ந்தது. எட்டாவதில் இருந்த கைவிடப்பட்ட பழைய நிரலை, மறுபயன்பாட்டுக்கு எடுத்த ஒரு கொடி (நிரலின் ஒரு பகுதியை இயக்கவோ நிறுத்தவோ வைக்கும் குறி) உயிர்ப்பித்துவிட்டது. அதில் அல்காரிதம் பிரச்சினை எதுவும் இல்லை. "எல்லா சர்வரிலும் போய்ச் சேர்ந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்" என்று கேட்கும் பொறியாளர் எனக்கு வேண்டும்.

இருமத்தேடல்:

நல்ல முறைதான், ஆனால் ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் வரும் நிறுவனத்தால் இது முடியாது. ஒவ்வொருவருக்கும் இரண்டு பொறியாளர், ஒரு மணி நேரம். புதிர் நிலைத்து நிற்பதற்குக் காரணமே அது மலிவு என்பதுதான், சரியாக அளக்கிறது என்பதால் இல்லை. பெரிய நிறுவனத்துக்கு ஒரு நல்லவரை இழப்பது பொருட்டல்ல, வரிசையில் அடுத்தவர் நிற்கிறார். நெடுவரியின் அணிக்கு அந்த வசதி கிடையாது. பெரியவர்கள் செய்கிறார்கள் என்று சின்ன அணி அதை அப்படியே எடுத்துக்கொள்வது எனக்கும் சரியாகப் படவில்லை.

நெடுவரி:

எல்லோருக்கும் நன்றி. மேனேஜரிடம் கொண்டுபோகப்போவது இது. முதலில் பெயரும் கல்லூரியும் மறைத்த, தனியாக எழுதும், எளிய தகுதித் தேர்வு. பின்னால் யாரையும் அந்த மதிப்பெண்ணை வைத்து ஒப்பிட மாட்டோம். அடுத்து நிழல்நகல் சொன்னது போல எங்கள் வேலையிலிருந்தே எடுத்த பிழை தேடும் சுற்று, தனியாக வாசிக்க நேரம் விட்டு. புதிர்ச் சுற்று இரண்டும் போகும். அன்று நிராகரிக்கப்பட்டவரை மறுபடி அழைக்க அனுமதியும் கேட்கப்போகிறேன்.

ஒன்று மட்டும் பாக்கி. பிழை தேடும் சுற்றுக்கு மதிப்பெண் போடுவது எப்படி? "நன்றாக யோசித்தார்" என்று எழுதினால் பழைய கதைதானே.

அளவுகோல்:

சுற்று நடப்பதற்கு முன்பே எழுதி வையுங்கள். பிழையின் இடத்தைக் கண்டுபிடித்தது, அதைத் திரும்ப நிகழ்த்திக் காட்டியது, திருத்தம், திருத்தத்தின் பக்கவிளைவை யோசித்தது, வெளியீடு என்று பிரித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் குறைந்த, நடுத்தர, உயர்ந்த பதில் எப்படி இருக்கும் என்று ஒரு வாக்கியம் வீதம் எழுதுங்கள். அந்தச் சுற்றில் முதலில் உங்கள் அணியில் இருப்பவர்களையே உட்காரவைத்துப் பாருங்கள். நீங்கள் மதிக்கும் ஒரு பொறியாளர் அதில் தடுமாறினால் சுற்றில்தான் கோளாறு.

பார்க்கும் இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதற்கு முன் தனித்தனியாக மதிப்பெண்ணைப் பதிவு செய்யட்டும். முதலில் பேசுபவரின் கருத்து அடுத்தவரை இழுத்துவிடும். இருவரின் எண்ணும் அடிக்கடி விலகினால் வாக்கியங்களைத் திருத்துங்கள். எடுத்தவர்கள் ஒரு வருடம் கழித்து எப்படி வேலை செய்கிறார்கள் என்பதை அந்தத் தாளுக்குப் பக்கத்திலேயே எழுதி வைக்கும் ஆளையும் இப்போதே நியமியுங்கள். அதைப் பெரும்பாலான அணிகள் செய்வதில்லை. செய்தால் இரண்டு மூன்று வருடத்தில் உங்கள் முறை வேலை செய்கிறதா என்று உங்கள் சொந்தத் தரவே காட்டத் தொடங்கும்.

முதல்படி:

நெடுவரி, அந்தத் தகுதித் தேர்வு தயாரானதும் இங்கே சொல்லுங்கள். முதல் ஆளாக எழுதிப் பார்த்து எங்கே குழப்பம் என்று சொல்கிறேன்.